நடக்க விடாத ஊர்

உம்மு குல்சூம் நடப்பதென்று தீர்மானித்த முதல் நாள், வீட்டுப் படலையிலிருந்து இருநூறு அடி போவதற்குள் நாலு பேர் அவளை வாகனத்தில் ஏற்றப் பார்த்தார்கள்.

முதலாவது, மச்சாளின் மகன் றினாஸ். மோட்டார் சைக்கிளை அவள் காலுக்குக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தி, "மாமி, எங்க போறீங்க? ஏறுங்கோ," என்றான்.

"ஒரு இடமும் இல்ல மகன். சும்மா நடக்கிறன்."

"சும்மாவா?" அவன் முகம் மாறிவிட்டது. "மாமாவோட ஏதும் சண்டையோ?"

இரண்டாவது றஸ்னா ரீச்சர், ஸ்கூட்டரில். மூன்றாவது பள்ளிக்கூட வான். பிள்ளைகளின் தலைகள் யன்னலால் வெளியே வழிந்துகொண்டிருந்தன, ஆனாலும் டிரைவர் முன்னுக்கு இடம் இருக்கிறது என்று இல்லாத இடத்தைக் காட்டினார். நாலாவதாக வந்தது ஓர் ஓட்டோ. அதை ஓட்டியவர் குல்சூமின் புருசன் அப்துல் ஹமீட்டின் கூட்டாளி. அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஹமீட்டுக்குத்தான் போன் எடுத்தார். "காக்கா, மதினி றோட்டில நடந்து போறா," என்றார், யாரோ கடலில் விழுந்துவிட்டதைச் சொல்கிற குரலில்.

மூன்று நிமிடத்தில் ஹமீட் தன் ஓட்டோவோடு வந்து நின்றார்.

"ஓட்டோக்காரன்ட பொஞ்சாதி றோட்டில நடந்தா பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஏறு புள்ள."

ஏறினாள். வேறென்ன செய்வது? வீட்டுக்குப் போகிற வழியில், முகம் வாடிக் கிடக்கிறதே என்று கடையடியில் நிறுத்தி ஒரு பலூடாவும் வாங்கிக் கொடுத்தார். ஐஸ்கிறீம் போட்டது. அவள் அதையும் குடித்தாள். மனுசன் ஆசையாக வாங்கித் தந்ததை எறியவா முடியும்?

மன்னார் ரவுணில் கெட்ட சனம் குறைவு. வில்லங்கமே அதுதான். தெரிந்த பெண் ஒருத்தி தெருவில் நடந்து போவதைக் கண்டால் இந்த ஊருக்குப் பொறுக்காது. நிறுத்தும், விசாரிக்கும், ஏற்றும், இறக்கிவிடும், இறக்கிவிட்ட வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும். வெயிலில் வெந்து கிடக்கிற கழுதையை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போகிற அளவு இரக்கம் இந்த ஊருக்கு உண்டு. ஆனால் ஒரு மனுசியை அவள் பாட்டில் நடக்க விடுகிற அளவு இல்லை.

குல்சூமுக்கோ நடந்தே ஆகவேண்டும். ஆசுபத்திரிக் கிளினிக்கில் டொக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியிருந்தார். வெறும் வயிற்றில் சீனி இருநூற்றுப் பதினெட்டு. பிறகு அவளுடைய வலது கால் சின்ன விரலை ஒரு குச்சியால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தொட்டதே தெரியவில்லை.

"ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் நடக்கவேணும். மூன்று மாசம் பார்ப்பம். குறையாட்டி ஊசி. அதுக்குப் பிறகு காலைத்தான் பார்க்கவேண்டி வரும்."

காலைப் பார்ப்பதென்றால் என்ன என்று அவளுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அவளுடைய மூத்த சகோதரி அஸீபா ராத்தாவுக்கு முதலில் ஒரு விரல்தான் மரத்தது. இரண்டு வருசத்தில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அன்றைக்கு ஆசுபத்திரியில், உட்காருகிற மர வாங்கில் குந்தி, குல்சூம் தன் இரண்டு செருப்பையும் பார்த்தபடி பயந்தாள். வாய்விட்டு அழாத குறைதான்.

இதை அவள் ஹமீட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அவளைக் கட்டிலால் இறங்கவும் விடமாட்டார். அன்பு கூடினால் மனுசன் அப்படித்தான்.

நாலு பேர் ஏற்றப் பார்த்த நாளுக்கு மறுநாள் மருந்து எடுக்கப் போனபோது, அதே வாங்கில் பக்கத்தில் இருந்தவள் அன்ரோனெற். பள்ளிமுனைக்காரி. அவளுக்கும் சீனி, அவளுக்கும் அதே உத்தரவு. அவளுடைய புருசன் சந்தியோகு கடல் தொழில், கத்தோலிக்கக் கோயில் சபையிலும் ஓர் ஆள்.

"நான் போன கிழமை நடக்க வெளிக்கிட்டனான் குல்சூம். என்ன நடந்தது தெரியுமே? ஐஸ் லொறியை நிப்பாட்டி என்னை ஏத்திக்கொண்டு போனாங்கள். மீன் பெட்டிக்குப் பக்கத்தில இருந்து கடைத்தெரு மட்டும் போனன். எனக்குக் கடைத்தெருவில ஒரு அலுவலும் இல்லை."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாதி வந்து முறைத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

"வாகனம் வராத ஒரு இடம் வேணும்," என்றாள் குல்சூம்.

"களப்போரத்து அணை இருக்கே. எங்கட பெருக்கமரத்துப் பக்கம் துவங்கி உங்கட வீட்டுப் பின்பக்கம் மட்டும் கிடக்கு. ஒரு மைல் வரும்."

"அதால ஓட்டோ ஓடுதே. என்ட மனுசன்தான் முதல் ஆள். சுத்திப் போற நேரத்தில பத்து நிமிசம் மிச்சமாம்."

"ஓடாமப் பண்ணுவம்," என்றாள் அன்ரோனெற், மீனுக்கு உப்புப் போடுவம் என்று சொல்கிற மாதிரி.

அடுத்த நாளே இருவரும் நகரசபைக் கந்தோருக்குப் போய், பாதை வேலைகளைப் பார்க்கும் கபிலனைப் பிடித்தார்கள். அவன் இளம் ஆள், வரைபடம் கீறுவதில் பிரியம் உள்ளவன். அணையை நடைபாதையாக்கி, இரண்டு பக்கமும் வேம்பும் பூவரசும் நட்டு, சைக்கிளும் கால்நடையாக வருகிறவர்களும் மட்டும் போகிற மாதிரிச் செய்யலாம் என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பென்சிலை எடுத்துவிட்டான்.

"கிரவல் தரலாம், மரக்கன்று தரலாம். வேலையை ஊர்தான் செய்யவேணும். ஒரு பக்கம் மட்டும் செய்தா மற்றப் பக்கம் கோவிக்கும். பள்ளிவாசலும் கோயிலும் சேர்ந்து கையெழுத்து வைச்ச கடிதம் ஒண்டு கொண்டு வாங்கோ."

அங்கேதான் சிக்கல். பள்ளிவாசல் காரியதரிசி நௌஷாட் பழக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுசன். எதையும் யோசித்துத்தான் சொல்லுவார், யோசிப்பது ஒரு வருசம் எடுக்கும். கோயில் சபையோ எதற்கும் ஓர் உபசபை அமைத்துவிட்டு உறங்கிவிடும். இவர்களை நம்பி மூன்று மாதத்தில் ஒரு வேலிக்கட்டை கூட நட முடியாது.

ஆகவே இரண்டு பெண்களும் ஒரே நாளில் ஒரே பொய்யைச் சொன்னார்கள்.

"பள்ளிமுனைக் கோயில் சம்மதிச்சிட்டுதாம்," என்றாள் குல்சூம் நௌஷாட்டிடம், வத்தகப்பழம் ஒன்றைத் தட்டிப் பார்த்தபடி. "நாங்கள்தான் பின்னடிக்கிறமாம் எண்டு கதை வருது."

"ஆர் சொன்னது பின்னடிக்கிறமெண்டு?" நௌஷாட்டுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

அங்கே அன்ரோனெற் சோறு போடும்போது புருசனிடம் சொன்னாள்: "பள்ளிவாசல்காரர் எப்பவோ ஓமெண்டிட்டினமாம். உங்கட சபை இன்னும் கொட்டாவி விடுது."

சந்தியோகு கையைக் கழுவாமலே எழும்பிப் போனார்.

மூன்றாம் நாள் கபிலனின் கந்தோரில் நௌஷாட்டும் சந்தியோகுவும் எதிரும் புதிருமாக வந்து சேர்ந்தார்கள். கடிதம் மேசையில் கிடந்தது. அதில் ஒரு கையெழுத்தும் இல்லை.

"நீங்கள் வைச்சிட்டீங்களெண்டு..." என்று தொடங்கினார் நௌஷாட்.

"இல்லை, நீங்கள்தான் முதல்ல எண்டு..." என்றார் சந்தியோகு.

இருவருக்கும் விசயம் விளங்கிவிட்டது. ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே மற்றவர், 'அப்படியென்றால் எனக்கு வேண்டாம்' என்று சொல்லுவதெப்படி? அந்த மரியாதைக்கேடு இந்தத் தீவில் நடக்காது. நீங்கள் முதலில் வையுங்கோ, இல்லை நீங்கள் முதலில் வையுங்கோ என்று கால் மணித்தியாலம் இழுபட்டார்கள். கடைசியில் கபிலன் கடிதத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, இரண்டு பேனையைக் கொடுத்து, இருவரையும் ஒரே நேரத்தில் வைக்கச் செய்தான். பிறகு இருவரும் வெளியே போய்ச் சேர்ந்து பிளேன்ரீ குடித்தார்கள். அந்த இரண்டு பெண்டுகளைப் பற்றித்தான் கதைத்திருப்பார்கள்.

சிரமதானம் ஐந்து சனிக்கிழமை நடந்தது. சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தாலும் சனம் வந்தது. பள்ளிமுனைப் பெடியள் கிரவல் பரப்பினார்கள், குல்சூமின் பக்கத்து மூர்வீதிப் பெடியள் குழி தோண்டினார்கள். மதியமானதும் வேலை நின்றுவிடும், இனிப்புப் பண்டப் போட்டி தொடங்கிவிடும். இந்தப் பக்கம் வட்டிலப்பம் வந்தால் அந்தப் பக்கம் தொதல் வரும். அடுத்த சனி இந்தப் பக்கம் ஃபிர்னி, அந்தப் பக்கம் சர்க்கரைப் பொங்கல். ஒரு பக்கத்துச் சாப்பாட்டை மற்றப் பக்கத்துப் பெண்கள் ருசி பார்க்காமல் விட்டால் அது பெரிய குறை. குல்சூமும் அன்ரோனெற்றும் இந்தக் கூட்டுமுயற்சியைத் தொடங்கிவைத்தவர்கள், அவர்கள் எப்படிக் குறை வைக்க முடியும்? முதல் மாதக் கிளினிக்கில் குல்சூமின் சீனி இருநூற்று முப்பத்தொன்று.

"நடக்கிறீங்களா?" என்று கேட்டார் டொக்டர்.

"நடக்கிறதுக்குப் பாதை போடுறம் டொக்டர்."

அவர் பேனையை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அவளுக்கு அழுகை வந்தது. சின்ன விரலுக்குப் பக்கத்து விரலும் இப்போது அரைவாசிதான் அவளுடையது.

வீட்டில் ஹமீட்டின் பாடு வேறு. அவர் ஓட்டோத் தரிப்பிடச் சங்கத்துக்குத் தலைவர். அணையை மூடினால் கூட்டாளிகளுக்கு முகம் கொடுக்க முடியாது. ஒவ்வொரு இரவும் சோற்றைப் பிசைந்தபடி பொருமுவார்.

"ஆரோ ஒரு வேலையில்லாதவன்தான் இதைக் கிளப்பியிருக்கிறான் புள்ள. ஆளைக் கண்டனெண்டா..."

"பாவம், ஆரோ தெரியாது," என்று குல்சூம் இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றுவாள்.

பாதையின் இரண்டு வாயிலும் கட்டை நடவேண்டும், சைக்கிளும் தள்ளுவண்டியும் போகவேண்டும், ஓட்டோ போகக்கூடாது, இடைவெளி எவ்வளவு என்று சந்தியோகு கேட்டு அனுப்பியபோது, அளவெடுக்க அவளுக்குத் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஹமீட் பகல் நித்திரையில் இருந்தார். அவள் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் ஓட்டோவின் குறுக்கே பிடித்தாள். ஐம்பத்தொரு அங்குலம். குறித்துக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் புருசன்.

"என்ன புள்ள அளக்கிறாய்?"

"சீற்றுக்குப் புதுக் கவர் தைப்பமெண்டு," என்றாள், கண் இமைக்காமல்.

ஹமீட்டின் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது. அன்றிரவே நாலு கூட்டாளிகளுக்குப் போன் போட்டுப் பெண்சாதி சீற்றுக் கவர் தைக்கிற செய்தியைச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. அவள் உட்கார்ந்து மெய்யாகவே தைத்தாள். சிவப்பு றெக்சீன், ஓரத்தில் மஞ்சள் கரை. அதைத் தைக்க இரண்டு நாள் போனது, அந்த இரண்டு நாளும் முற்றத்தில்கூட நடக்கவில்லை. பொய்க்கு வட்டி கட்டுவது என்றால் அதுதான்.

கட்டைகள் நாற்பத்திரண்டு அங்குல இடைவெளியில் நடப்பட்டன. பாதரும் மௌலவியும் ஆளுக்கொரு வேப்பங்கன்று நட்டுப் பாதையைத் திறந்தார்கள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு குல்சூமும் அன்ரோனெற்றும் ஒருவரும் ஏற்றாமல், ஒருவரும் இறக்காமல், அந்த ஒரு மைலையும் நடந்தார்கள். ஒரு பக்கம் களப்புத் தண்ணி, மறுபக்கம் கன்றுகள். குல்சூமுக்குச் சின்னப் பிள்ளைபோல ஓடவேண்டும்போல இருந்தது. ஓடவில்லை, அபாயா தடுத்தது.

ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் மூர்வீதிப் பக்கத்துக் கட்டைகள் காணாமல் போயின. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம் பள்ளிமுனைப் பக்கத்துக் கட்டைகள் போயின. நௌஷாட் தன் பக்கத்து ஓட்டோக்காரரை விசாரித்தார். வெள்ளிக்கிழமை அவர்கள் எல்லோரும் பள்ளிவாசலில் முதல் வரிசையில். சந்தியோகு தன் பக்கத்தை விசாரித்தார். ஞாயிறு அவர்கள் எல்லோரும் பூசையில், காணிக்கையும் போட்டிருக்கிறார்கள். ஒருவர்மேலும் கை வைக்க முடியவில்லை. விசயம் வேறொன்றுமில்லை. வெள்ளிக்கிழமைக் கட்டையைப் பிடுங்கியவர்கள் கத்தோலிக்க ஓட்டோக்காரர், ஞாயிற்றுக்கிழமைக் கட்டையைப் பிடுங்கியவர்கள் முஸ்லிம் ஓட்டோக்காரர். கூட்டுமுயற்சி என்பதைப் பாதைக்காரர் மட்டுமா அறிவார்கள்?

அந்த ஞாயிறு ஹமீட் வீட்டுக்கு வந்தபோது உடுத்த சாரத்தில் கிரவல் தூசு. குல்சூம் அதைத் தோய்த்தாள்.

திரும்பவும் ஓட்டோக்கள் அணையில் ஓடின. இப்போது கிரவல் போட்டிருந்ததால் முந்தியைவிட வேகமாக ஓடின. அவள் நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பின்னால் ஹோர்ன் கேட்கும். "என்ன புள்ள இஞ்ச? ஏறு." சிவப்புச் சீற்றில் ஏறி வீட்டுக்குப் போவாள். கடைசிக் கிளினிக்குக்கு ஏழு கிழமை இருந்தது.

இதற்குள் இன்னொரு தொல்லை. கழுதைகள் மரக்கன்றுகளைக் கண்டுவிட்டன. ரவுணுக்குள் கடதாசி தின்று திரிந்த சீவன்களுக்கு இளம் பூவரசு கிடைத்தால் விடுமா? ஒரு கிழமையில் இருபது கன்று போய்விட்டது. கபிலன் தலையில் கை வைத்தான்.

"பசிக்குத் தின்னுதுகள்," என்றாள் குல்சூம். "வேற ஏதும் போட்டா கன்றை விட்டிடுங்கள்."

நௌஷாட்டின் கடையில் வெட்டி எறிகிற வத்தகப்பழத் தோல் நாளுக்கு ஒரு சாக்கு. பெரியமடுவிலிருந்து வருகிற பூசணியில் அழுகியதும் உண்டு. குல்சூம் அதில் ஒரு பையைக் கொண்டுபோய்ப் பாதையின் இந்த வாயில் கொட்டினாள். அன்ரோனெற் தன் வீட்டுத் தோல்களை அந்த வாயில் கொட்டினாள். கன்றைக் காப்பாற்றத்தான், அல்லாஹ் அறிய வேறு எண்ணம் அப்போது இல்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பது கழுதைகள் தின்று முடித்து அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டன. அடுத்த வேளைத் தீன் அங்கேதான் வரும் என்று தெரிந்த பிறகு எழும்பிப் போக அவற்றுக்கென்ன விசரா? அந்த நேரம் ஹமீட்டின் ஓட்டோ ஒரு சவாரியோடு வந்தது. ஹோர்ன் அடித்தார். ஒரு கழுதை காதை மட்டும் அசைத்தது. இன்னும் நீட்டி அடித்தார். அது எழும்பி, திரும்பி, ஓட்டோவின் முன்கண்ணாடியில் முதுகைத் தேய்த்துவிட்டு மறுபடி படுத்தது. மன்னாரில் கழுதையை அடிக்கிறவனும் இல்லை, அடித்தால் எழும்புகிற கழுதையும் இல்லை. பின்னால் இருந்தவர் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு இறங்கி, கழுதைகளுக்கு நடுவால் நடந்தே போய்விட்டார்.

இதையெல்லாம் ஒரு புதருக்குப் பின்னால் நின்று பார்த்த குல்சூம், வீட்டுக்குப் போனதும் அன்ரோனெற்றுக்குப் போன் எடுத்தாள்.

"இனி ரெண்டு நேரமும் போடுவம். கொஞ்சம் கூடவே போடுவம்."

அதன்பின் நாலு கிழமை அணையில் மூன்று சில்லு வாகனம் ஒன்றும் உருளவில்லை. சைக்கிள் போகும், மனுசர் போவார்கள், ஓட்டோ வந்து நின்று, பார்த்து, ஏசி, திரும்பும். அஸருக்குப் பிறகு பெண்கள் வந்தார்கள், முதலில் நாலு பேர், பிறகு முப்பது பேர். குல்சூம் முக்கால் மணித்தியாலமும் நடந்தாள். ராத்தா அஸீபாவைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். அந்தப் பொய்யில் ஒரு கால்வாசி உண்மை. நடக்கும்போது அவள் நினைவெல்லாம் ராத்தாவில்தான்.

அவள் கணக்கில் எடுக்காதது ஒன்றே ஒன்று. கழுதைக்கு ஞாபகம் உண்டு.

ஒரு பின்னேரம் ஹமீட் வீட்டு முற்றத்தில் ஓட்டோச் சங்கக் கூட்டம். பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு தட்டில் இஞ்சி பிஸ்கற்.

"ஆரோ தீன் போடுறான் காக்கா," என்றார் ஒருவர். "அதுகள் தன்பாட்டில இப்பிடிப் படுக்காது."

"ஆளைப் பிடிக்கவேணும்," என்றார் ஹமீட். "கையும் களவுமாப் பிடிக்கவேணும்."

அப்போது படலை திறந்தது. குல்சூம் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கழுதை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவள் திரும்பி, "ச்சூ, போ," என்று மெதுவாகச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் படலைக்கு வெளியே நின்ற நாலும் ஓடி வந்தன. காது கறுத்த பெரியது அவள் தோளில் தொங்கிய வெறும் பைக்குள் மூக்கை விட்டது.

"தலைவர்," என்றார் கடைசிக் கதிரையில் இருந்தவர், "ஆள் பிடிபட்டிட்டுது."

ஹமீட் எழும்பி நின்றார். "குல்சூம்... நீயா?"

ஒரு பொய்க்கு அவள் வாயைத் திறந்தாள். வழக்கமாக உடனே வந்துவிடும். இந்த முறை வரவில்லை.

"ஓம். நான்தான். கட்டைக்கு அளவு எடுத்ததும் நான்தான். பாதை வேணுமெண்டு கடிதத்துக்கு அலைஞ்சதும் நான்தான்."

"ஏன் புள்ள? உனக்கு நான் என்ன குறை வைச்சன்? ஒரு நாளாவது உன்னை நடக்க விட்டிருக்கிறனா?"

"அதுதான் குறை!" குரல் அவளை மீறி உயர்ந்தது. "என்ட வலது கால்ல ரெண்டு விரல் மரத்துப்போய்க் கிடக்கு. நடக்காட்டி ஊசி, அதுக்குப் பிறகு காலெண்டு டொக்டர் சொல்லிட்டார். அஸீபா ராத்தாவையும் நீங்கள்தான் ஏத்தினீங்க. கடைக்கு ஏத்தினீங்க, கலியாண வீட்டுக்கு ஏத்தினீங்க, பக்கத்து ஒழுங்கைக்கும் ஏத்தினீங்க. கடைசியா ஆசுபத்திரிக்கும் நீங்கள்தான் ஏத்திக்கொண்டு போனீங்க. திரும்பி வரேக்க உங்கட ஓட்டோவில ஒரு கால்தான் ஏறினது. எனக்குப் பயமாக் கிடக்கு. என்னை நடக்க விடுங்கோ."

ஹமீட் அவள் காலைப் பார்த்தார். செருப்பில் ஒட்டியிருந்த கிரவல் தூசைப் பார்த்தார். "எனக்குச் சொல்லேல்லையே," என்றார், பன்னிரண்டு பேருக்கு முன்னால். ஓட்டோக்காரர் ஒவ்வொருவராக எழும்பி, அவரவர் கதிரையை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். இஞ்சி பிஸ்கற்றைக் கழுதைகள் தின்றன.

அதற்குப் பிறகு பத்து நாள் ஹமீட் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கோவமா, கவலையா என்று அவளுக்கு விளங்கவில்லை. தெருவில் அவளைத் தாண்டிப் போகும்போது ஓட்டோ கொஞ்சம் மெதுவாகும், பிறகு போய்விடும். றினாஸ் நிறுத்தவில்லை. றஸ்னா ரீச்சர் கையை மட்டும் காட்டினாள். பள்ளிக்கூட வானும் நிற்கவில்லை. யாரோ ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதைத்தானே கேட்டாள்? கிடைத்தபோது, ஒருவரும் 'ஏறுங்கோ' என்று சொல்லாத அந்தத் தெரு அவளுக்குக் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் மூர்வீதிப் பக்கத்தில் கட்டைகள் திரும்ப முளைத்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம் பள்ளிமுனைப் பக்கத்தில் முளைத்தன. இந்த முறையும் ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசிக் கிளினிக் நாளன்று அவள் பாதையால் நடந்தே ஆசுபத்திரிக்குப் போனாள். டொக்டர் சீட்டை இரண்டு தரம் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. விரல்கள் மரத்தபடிதான், ஆனால் மூன்றாவது விரலுக்கு ஏறவில்லை. "ஊசி வேண்டாம். நடக்கிறதை விட்டுப்போடாதேங்கோ," என்றார். அன்ரோனெற்றுக்கு நூற்று முப்பத்தொன்பது. அவள் மூன்று புள்ளி முந்திவிட்ட பெருமையில் வாங்கில் இருந்த எல்லோருக்கும் சொன்னாள்.

வெளியே வாசலில் சிவப்புச் சீற்று ஓட்டோ நின்றது. ஹமீட் கைபிடியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?"

"நூத்தி நாப்பத்திரண்டு. ஊசி இல்லையாம்."

அவர் கண்ணைத் துடைத்துவிட்டுக் காற்றில் மண் பட்டதாகச் சொன்னார். பிறகு எஞ்சினை ஸ்ராட் பண்ணினார். குல்சூம் பையை இறுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நான் நடந்து வாறன்."

"தெரியும். உன்னை ஆர் ஏறச் சொன்னது? இடமில்லை."

அவள் எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வருசமாக அவள் இருந்து போன இடத்தில், அவள் தைத்த மஞ்சள் கரைக்கு மேலே, வத்தகப்பழத் தோல் நிரம்பிய சாக்கு ஒன்று சாய்ந்து இருந்தது. விழாமல் இருக்கக் கயிற்றாலும் கட்டியிருந்தார்.

"கட்டைதான் நட்டாச்சே. இனி இது என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"பழக்கிப்போட்டு நிப்பாட்டினா அதுகள் கன்றைத் தின்னாதோ?" என்றார் ஹமீட். "நீ ஆறுதலா நடந்து வா. நான் சுத்திப் போய் முதல் போட்டிட்டு நிக்கிறன்."